ஏற்றம்: நாற்பத்தொரு மீட்டர்

கைப்பேசியின் வரைபடத்தில் ஒரு நீலக்கோடு.
அதைப் பிடித்துக்கொண்டே போகலாம் என்றவள் உமையாள்தான்.
குன்றக்குடி தாண்டும்போது இருவர் இருந்தோம்.
கல்லல் விலக்கில் அவள் பின்சக்கரம்
கருவேல முள் ஒன்றை வாங்கிக்கொண்டது.
மாற்று ட்யூபும் ஓட்டை.
"நீ போடி, ஞாயிற்றுக்கிழமையை ரெண்டு பேரும் கெடுக்க வேண்டாம்"
என்று சொல்லிவிட்டு
குட்டியானைக்காரரோடு வாடகை பேசத் தொடங்கியவளை
விட்டுவிட்டுக் கிழக்கே திரும்பினேன்.

பள்ளத்தாக்கு என்று எப்படிச் சொல்ல.
இருபுறமும் மலை இல்லை, நடுவில் தண்ணீர் இல்லை.
பாலத்துக்குப் பாலம் பெயர்ப்பலகை மட்டும்
இது மணிமுத்தாறு, இதுவும் மணிமுத்தாறு என்று
கேட்காத வழக்குக்குச் சாட்சி சொல்கிறது.
கீழே மணலில் ஆட்டுத் தடம்,
ஒற்றை ரப்பர் செருப்பு,
கிரிக்கெட்டுக்கு நட்ட மூன்று குச்சிகள்.

ஆனாலும் நிலம் சாய்ந்திருக்கிறது
கடலைப் பார்த்து, நூலளவு.
கண்ணுக்குத் தெரியாது, தொடைக்குத் தெரியும்.
மிதிப்பதை நிறுத்தினால்
பின்சக்கரம் கிலுகிலுவென்று தானே ஓடும்
ஒரு முந்திரித் தோப்பு முடியும்வரை.
மழை பெய்தால் தண்ணீரும்
இப்படித்தான் போகும் போலிருக்கிறது,
யோசிக்காமல்.

கோட்டை போன்ற அந்த வீடுகளைப் பற்றி
எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்:
தெருவிலிருந்து தெருவரை நீளும் பக்கச்சுவர்
எட்டு வினாடி நிழல்.
எட்டு வினாடி காற்றில்லாமை.
பிறகு மறுபடி ஆடிமாதம்.

தேவகோட்டைக்கு முன்னால் ஒரு டீக்கடை.
"வேண்டுதலாம்மா?"
இல்லை.
"உடம்பு குறைக்கவா?"
இல்லை.
"பந்தயம்?"
பந்தயத்துக்கு இன்னொரு ஆள் வேணுமே அண்ணே.
"அப்ப சும்மா."
ஆமாம், சும்மா.
சைக்கிள் விலை கேட்டார்.
ஒரு சைபரைக் குறைத்துச் சொன்னேன்.
அதற்கே உச்சுக்கொட்டி
டம்ளரில் இன்னும் கொஞ்சம் ஊற்றினார்.

திரும்பும்போதுதான் தெரிந்தது
வரும்போது என்னை ஓட்டி வந்தது யார் என்று.
மேல்காற்று.
கண்மாய்க் கரையில் ஏறியதும்
உள்ளங்கையை நெஞ்சில் வைத்துத் தள்ளியது.
இருபத்தெட்டு, பத்தொன்பது, பன்னிரண்டு.
பல்லில் செம்மண்.
கியர் தீர்ந்துவிட்டது, கெட்டவார்த்தையும்.
தைலமரங்கள் எல்லாம் என் முகத்தைப் பார்த்து வளைந்து
நான் வந்த பக்கத்தையே காட்டின.

அப்போது என்னைக் கடந்து போனது ஒரு டி.வி.எஸ்.
பின்னால் முட்டை அட்டைகள்,
ஓட்டுகிறவர் தலைக்கு மேல் ஓரடி உயரம்,
சைக்கிள் ட்யூபை வெட்டிய பட்டையால் கட்டியது.
மட்காப்பில் சவேரியார் துணை.
எழுந்து நின்று பத்து மிதி,
அந்த அடுக்கின் பின்னால் ஒண்டிக்கொண்டேன்.
காற்று அறுந்தது.
என் மூச்சு எனக்கே கேட்டது.

கண்ணாடியில் பார்த்துவிட்டார்.
ஆக்ஸிலேட்டரைக் குறைத்தார், நான் மோதாத அளவுக்கு.
மேடு வந்தால் இன்னும் குறைத்தார்,
பள்ளம் வந்தால் இடதுகையைக் கீழே ஆட்டினார்.
முந்நூறு முட்டையும் நானும்
ஒரே கவனத்தில் ஒன்பது கிலோமீட்டர்.
பெயர் கேட்கவில்லை, எதற்கென்றும் கேட்கவில்லை.
எனக்கு அவர் முதுகைக்கூடத் தெரியாது,
அட்டைகளின் சாம்பல் நிறம் தெரியும்,
கீழிருந்து நான்காவது அடுக்கில்
ஒட்டியிருந்த ஒற்றை இறகு தெரியும்.

கல்லல் வந்ததும் ஒரு மளிகைக்கடை முன் நிறுத்தி
பட்டையை அவிழ்க்கத் தொடங்கினார்.
நன்றி என்று கத்தலாமா, மணி அடிக்கலாமா?
என் சைக்கிளில் மணி கிடையாது, எடை கூடும் என்று கழற்றிவிட்டேன்.
நான் தாண்டும்போது அவர் நிமிரவில்லை.
பதினொண்ணு, பன்னெண்டு என்று
உதடு அசைந்துகொண்டிருந்தது.
எண்ணிக்கை விட்டுப்போகக் கூடாதில்லையா.

கடைவீதி முடிகிற இடத்தில்
காற்று எனக்காகக் காத்திருந்தது.
காரைக்குடிக்கு இன்னும் தூரம் இருந்தது.